அம்மாவின் நெய் உருண்டையை மனம் உறுத்தாமல் எப்படிச் சாப்பிடுவது?

மல்லிகை_செந்தூல்:

எல்லோருக்கும் வணக்கம். ஏழெட்டு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 39. போன வருடம் ஆகஸ்டில் 79 கிலோ இருந்தேன், இன்று காலை 72. இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, இப்படியே விட்டால் மாத்திரைதான் என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரவுச் சோற்றைக் குறைத்தேன், இனிப்புப் பால் ஊற்றிய தே தாரிக்கை விட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினேன், வேலை முடிந்து வாரத்தில் நான்கு நாள் கோலாலம்பூர் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறேன். மெதுவாகத்தான் குறைகிறது, ஆனாலும் குறைகிறது.

அதனால் என் பிரச்சினை எடை இல்லை. ஆசைப்பட்ட ஒன்றைச் சாப்பிட்டுவிட்டால் அன்று முழுவதும் மனம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதுதான் பிரச்சினை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பசியாறப் போனோம், பிள்ளைகள் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் கேட்டார்கள், நானும் பருப்புக் குழம்போடு ஒன்று சாப்பிட்டேன். ஒன்றே ஒன்று. நான் இருக்கும் எடைக்குறைப்பு வாட்ஸ்அப் குழுவில் சாப்பிடும் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட வேண்டும் என்பது விதி, அதனால் அதையும் போட்டேன். குழுவை நடத்துபவர் படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்டு, “இதைக் கரைக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் தெரியுமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்று மதியம் நான் சாப்பிடவே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகளுடைய பிஸ்கட்டில் கை வைத்தேன், அப்புறம் முந்தின நாள் மீ கோரெங் நூடுல்ஸ், அப்புறம் ஐஸ்கிரீம். எல்லாமே அடுப்படியில் நின்றபடி, யாரும் வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே. அவற்றில் எதையும் நான் படம் எடுக்கவில்லை. இன்றைக்குத்தான் கெட்டுவிட்டதே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அந்த நாளை வர மூன்று நாள் ஆனது.

இப்போது கேட்க வந்ததற்கு வருகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் தீபாவளி. என் அம்மா கோலசிலாங்கூர் பக்கம் இருக்கிறார், 72 வயது. வருடத்தில் ஒரே ஒரு முறைதான் நெய் உருண்டை பிடிப்பார். பாசிப்பயறைச் சிவக்க வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, சர்க்கரைப் பொடியும் ஏலக்காயும் கலந்து, காய்ந்த நெய்யைச் சூட்டோடு ஊற்றிப் பிடிக்க வேண்டும். ஆறவிட்டால் மாவு உதிர்ந்துவிடும் என்பதால் கை பொறுக்காத சூட்டிலேயே பிடிப்பார், முடிக்கும்போது உள்ளங்கை இரண்டும் சிவந்துபோயிருக்கும். பழைய பிஸ்கட் டின்னில் தாள் விரித்து அடுக்கி எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்.

போன வருடம் எடை குறைக்க ஆரம்பித்த புதிது. வீட்டில் வைத்தால் நான் தின்று தீர்த்துவிடுவேன் என்ற பயத்தில், டின்னைத் திறக்காமலேயே பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அம்மா போன் செய்து, “ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டதோ?” என்று கேட்டார். “இல்லம்மா, சரியாக இருந்தது” என்றேன். நான் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. ஒரு வருடமாக அந்தப் பொய் உள்ளே கிடக்கிறது.

இந்த வருடம் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு அந்த மூன்று நாள் கதை திரும்ப நடக்கக் கூடாது. எடையைக் குறைத்துக்கொண்டே, அவ்வப்போது பிடித்ததையும் சாப்பிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

பிறை_லாரிக்காரன்:

தங்கச்சி, முதலில் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வாருங்கள். நாலு பேர் முன்னால் வெட்கப்பட வைத்தால் யாரும் சாப்பாட்டை நிறுத்த மாட்டார்கள், சாப்பிடுவதை ஒளித்துக்கொள்வார்கள். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

நான் 96 கிலோவிலிருந்து 85க்கு வந்தவன், ஒன்றரை வருடம் ஆனது. பினாங்குக்காரனிடம், சோற்றின்மேல் கறிக்குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டாரைச் சாப்பிடாதே என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை என் கதையிலிருந்தே சொல்கிறேன். ஆரம்பத்தில் முழுதாக நிறுத்தினேன், நான்கு மாதம் தொடவில்லை, ரொம்பப் பெருமையாக இருந்தது. ஒரு நாள் கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும்போது இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன், ஒன்று எனக்கு, இன்னொன்று அங்கே இருக்கும் மைத்துனருக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு. தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கைக்கூடப் போடாமல் இரண்டையும் நானே சாப்பிட்டேன். இரண்டாவது பொட்டலம் என்ன கறி என்றே எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. காசு கொடுத்து, உடம்பையும் கொடுத்து, ருசியைக்கூட வாங்காமல் வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியம் என்று நாள் வைத்தேன். வாரத்தில் ஒரு முறை, ஜார்ஜ்டவுனில், கடையில் உட்கார்ந்து, தட்டில். பொட்டலம் கட்டுவதில்லை, பொட்டலம் என்றால் எனக்குக் கை நிற்காது. சோறு பாதி போடச் சொல்வேன். குழம்பை வெள்ளமாக ஊற்றுகிற ‘பஞ்சீர்’ வேண்டாம், மேலாகக் கொஞ்சம் போதும். பொரித்த கோழிக்குப் பதில் மீனோ கணவாயோ ஒன்று, பக்கத்தில் வெண்டைக்காய் இரண்டு கரண்டி. குடிக்கத் தே ஓ கோசோங். போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுவேன். அரை மணி நேரம் ஆகும், ஒவ்வொரு வாய்க்கும் ருசி தெரிகிறது. முன்னே பத்து நிமிடத்தில் முடிப்பவன் நான்.

முக்கியமான ஒன்று. அன்று இரவு நான் பட்டினி கிடப்பதில்லை. வழக்கம்போல இரண்டு தோசை, சாம்பார், படுக்கை. சாப்பிட்டதற்குத் தண்டனை என்று வைத்தால் மறுபடியும் அந்த இரண்டு பொட்டலத்துக்கே போய்விடுவேன். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர்மலை முருகன் கோயில் படி 513ஐயும் ஏறுகிறேன், ஆனால் அதை நாசி கண்டாரோடு முடிச்சுப் போடவில்லை. ஏறினால் முட்டிவலி குறைகிறது, மேலே போனால் காற்று நன்றாக இருக்கிறது, அதற்காக ஏறுகிறேன்.

உங்கள் அம்மா உருண்டைக்கும் இப்படி ஒரு நாளும் நேரமும் வையுங்கள். தைரியமாகச் சாப்பிடுங்கள்.

கீரைக்கட்டு:

நான் உணவியல் துறையில் வேலை செய்கிறேன், அரசாங்க கிளினிக்கில் நாள் முழுக்க இதே பேச்சுதான். உங்கள் உடம்பை நேரில் பார்க்காமல் உங்களுக்கென்று திட்டம் எதுவும் சொல்ல முடியாது, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் குறைத்த 7 கிலோ உங்கள் பழைய எடையில் ஏறக்குறைய 9 விழுக்காடு. உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்க ஆரம்பிக்கும் என்பதுதான் மருத்துவர்கள் வைக்கும் கணக்கு. அந்த இடத்துக்கு நீங்கள் ஏற்கனவே வந்துவிட்டீர்கள். ஒரு ரொட்டி சானாய் இதைக் கலைத்துவிடாது.

மதியம் பட்டினி, சாயங்காலம் பிஸ்கட், அப்புறம் மூன்று நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, இது உங்கள் குணக்கேடு இல்லை, ரொம்ப நாளாகவே ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்த விஷயம். 1975ல் ஹெர்மன், மாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை, அதற்குப் பிறகு எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீம் வைத்து வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். வழக்கமாகச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்ததால். எப்போதும் கட்டுப்பாட்டிலேயே இருப்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டு ஒருமுறை அறுந்தது என்று மனம் முடிவு செய்துவிட்டால் வயிறு சொல்வது காதில் விழுவதில்லை. “இன்றைக்குத்தான் கெட்டுவிட்டதே” என்று நீங்கள் எழுதிய அந்த வரியைத்தான் அவர்கள் அங்கே பார்த்தார்கள்.

அதனால் நான் வருகிறவர்களிடம் சொல்வது, கட்டு அறுந்தது என்ற எண்ணம் வராதபடி பலகாரத்தையும் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் எடையுள்ள நெய் உருண்டை ஒன்று 150 கலோரி பக்கம் வரும், நெய்யும் சர்க்கரையும் போடுவதைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கலாம். ரொட்டி சானாய் ஒன்று 300 கலோரி அளவு. அதாவது இரண்டு உருண்டை ஒரு ரொட்டிக்குச் சமம். தீபாவளி வாரத்தில் ஒரு நாளைக்கு ஒன்று, பண்டிகை அன்று இரண்டு என்று சாப்பிட்டால், மற்ற வேளைகள் வழக்கம்போல இருக்கும்வரை எந்த ஆபத்தும் இல்லை. மற்ற வேளைகள் என்றால் நம் சுகாதார அமைச்சு சொல்கிற அந்த ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ தட்டுதான், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் கோழி பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும்.

இன்னொன்று தராசு. தீபாவளிக்கு மறுநாள் காலை தராசில் ஏறாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாவுச்சத்தும் உப்பும் கூடுதலாகச் சாப்பிட்டால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். உடம்பு சேமிக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒன்று, ஒன்றரை கிலோ கூடியதுபோலக் காட்டும், சில நாளில் தானாக இறங்கிவிடும். ஒரு கிலோ கொழுப்பு உண்மையிலேயே ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட வேண்டும். இரண்டு கிலோ என்றால் 15,400. அது, வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே ஐம்பது ரொட்டி சானாய். ஒரே நாளில் யாராலும் முடியாது. இந்தக் கணக்கைச் சொன்னதும் என் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்ட பெண்கள் உண்டு, அத்தனை வருடமாக ஒரு தண்ணீர் எடைக்குப் பயந்து பண்டிகையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2023ல் எடுத்த தேசிய ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். பாதிக்கு மேல். இத்தனை பேரும் வருடத்துக்கு ஒருமுறை அம்மா பிடிக்கிற உருண்டையால் இந்த நிலைக்கு வரவில்லை. தினமும் மூன்று வேளையும் இனிப்புப் பால் ஊற்றிய தே, கோப்பி, இரவு பதினோரு மணிக்கு மாமாக் கடைச் சாப்பாடு, எதற்கெடுத்தாலும் கார், இதுதான் என் மேசைக்கு வருகிற கதை. கெட்டிப் பால் ஒரு மேசைக்கரண்டியில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது, நீங்கள் தே தாரிக்கை விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கே தெரியவில்லை.

நிதானம்_84:

எல்லோரும் சாப்பிடுங்கள் என்கிறீர்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை என்பதையும் இங்கே யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இனிப்பு வீட்டில் இருந்தால் ஒன்றோடு நிறுத்த என்னால் முடியாது. நாள் வைத்துப் பார்த்தேன், சின்ன டப்பாவில் வைத்துப் பார்த்தேன், இரண்டும் உதவவில்லை. அதனால் முதல் ஒரு வருடம் வீட்டுக்குள் இனிப்பே வரக் கூடாது என்று வைத்தேன், ஆசை வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்க் கடையிலேயே ஒரு லட்டு வாங்கி நின்ற இடத்தில் சாப்பிட்டு வருவேன். இப்போது கொஞ்சம் பழகிவிட்டது. மல்லிகை, உங்களுக்கு ஒன்றோடு நிற்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நிற்காது என்றால் டின்னை வீட்டுக்குக் கொண்டுவராமல் அம்மா வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கீரைக்கட்டு:

நிதானம் சொல்வது சரி, ஒரே முறை எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்காவது வாரத்தில் பல முறை கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிட்டு, பிறகு வாந்தி எடுப்பது, நாள் கணக்கில் பட்டினி கிடப்பது என்று போனால், அது பலகாரப் பிரச்சினை இல்லை, மருத்துவரிடம் பேச வேண்டியது. தயங்காமல் போங்கள்.

கிள்ளான்_பெரியம்மா:

மல்லிகை, நான் 63 வயதுக்காரி, 14 வருடமாகச் சர்க்கரை. இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல மாத்திரை போடுகிறவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராத்திரி விருந்து இருக்கிறது என்று மதியம் பட்டினி கிடக்காதீர்கள். கிளிக்கிளாசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பண்டிகைக்கு எல்லோரையும் வீட்டுக்கு அழைக்கும் ஒரு திறந்த இல்ல விருந்துக்கு அப்படிப் போய்க் கைகால் நடுங்கி, வியர்த்து, அந்த வீட்டுப் பெண் ஓடிவந்து எனக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது விருந்துக்குப் போகும் முன்னால் வீட்டிலேயே ஒரு முட்டையும் கொஞ்சம் காயும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

இனி உன்னிடம் வருகிறேன் அம்மா. நீ என் மகள் வயது, அதனால் வா போ என்றே எழுதுகிறேன். நானும் பலகாரம் செய்து டின்னில் போட்டு அனுப்புகிறவள். நாங்கள் அனுப்புவது நீங்கள் முழுவதையும் தின்று தீர்க்க வேண்டும் என்பதற்காக இல்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு “அம்மா, இந்தத் தடவை பயறு நல்லா வறுபட்டிருக்கு” என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு அடுத்த தீபாவளி வரைக்கும் போதும். என் மகன் ஒரு வருடம், “அம்மா, ஒரு டின் வேண்டாம், பத்து முறுக்கு மட்டும் கொடுங்க, நானும் அவளும் உடம்பைப் பார்க்கிறோம்” என்றான். அன்றைக்கு முகம் சுருங்கியது உண்மை. மறு வருடத்திலிருந்து பத்துதான் கொடுக்கிறேன், அதைச் சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று போன் செய்கிறான். டின் நிறையக் கொடுத்த காலத்தில் அந்தப் போன் வந்ததே இல்லை.

உன் அம்மாவுக்கு 72 வயது என்கிறாய். அவருக்கு நீ உடம்பைக் குறைக்கிறாய் என்பது தெரியுமா? இரத்த அழுத்தம் என்று தெரியுமா? தெரியாவிட்டால் சொல். தீபாவளிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து உருண்டை பிடி. பிடிக்கிறவர்களுக்குச் சூட்டோடு ஒன்று கிடைக்கும், டின்னில் வருவதற்கு அந்த ருசி கிடையாது.

மல்லிகை_செந்தூல்:

தீபாவளி முடிந்து எட்டு நாள் ஆகிறது. பதில் எழுதிய எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

குழுவிலிருந்து அன்றைக்கே வெளியேறிவிட்டேன் அண்ணா. இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பி, தாங்களும் படம் போடாமல் சாப்பிடுகிறோம் என்று சொன்னார்கள்.

பெரியம்மா, நீங்கள் சொன்னபடி முந்தின சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். மாவு அரைத்துத் தயாராக இருந்தது. அம்மா நெய்யைக் காயவைத்து நடுவில் குழித்து ஊற்றினார், கரண்டிக் காம்பால் கிளறினார், “இப்போ பிடி, பார்த்துக்கொண்டு நிற்காதே” என்றார். எனக்கு முதல் ஐந்தாறு உடைந்துபோனது. விரல்களை மடக்கி உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்த வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். சூடு தாங்காமல் நான் கையை உதறினேன், அம்மா உதறவில்லை. இருபது உருண்டை ஆனதும் உடைந்த ஒன்றை எடுத்து என் வாயில் போட்டார். நெய் இன்னும் சூடாக இருந்தது, பயறு வாசம் மூக்கு வரைக்கும் ஏறியது, நாக்கில் வைத்ததும் மணல்போலக் கரைந்தது. அப்புறம் முழுதாக ஒன்று எடுத்து, தரையில் உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிட்டேன்.

அப்போதே போன வருடத்து டின்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரத்த அழுத்தத்தையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடைசியில், “அந்த மலாய்க்காரப் பிள்ளைக்குப் பிடித்ததாமா?” என்று கேட்டார். ரொம்பப் பிடித்தது, இந்த வருடமும் கேட்டார் என்றேன். அம்மா எழுந்து போய் இரண்டு டப்பா எடுத்துவந்தார். பெரியதில் பக்கத்து வீட்டுக்கு, சின்னதில் எங்களுக்குப் பன்னிரண்டு.

தீபாவளி அன்று இரண்டு சாப்பிட்டேன், ஆட்டுக்கறியும் இட்டிலியும் சாப்பிட்டேன், மதியம் வழக்கம்போலச் சோறு காய். மறுநாள் தராசில் ஏறவில்லை, அடுத்த நாள் பொறுக்க முடியாமல் ஏறிவிட்டேன், 73.2 காட்டியது. பயந்துபோய்க் கீரைக்கட்டு எழுதியதைத் திரும்ப இரண்டு முறை படித்தேன். அன்று மதியம் பட்டினி கிடக்காமல் சாப்பிட்டேன், சாயங்காலம் ஏரிக்குப் போனேன். இன்று காலை 71.9.

டப்பாவில் இன்னும் மூன்று இருக்கிறது. நாளை சனிக்கிழமை, பசியாறிய பிறகு பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, எனக்கு ஒன்று.